மடிப்புக் கலையாத துண்டு

பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் சுதபா. சிவப்புக் கரை போட்ட வேட்டி ஒன்று அதில் இருந்தாக வேண்டும். ஜகந்நாதர் கோயிலுக்கு உடுத்திப் போக அப்பா தனியாக எடுத்து வைத்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து மூன்று மணிக்கு உடலைக் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து நேராகப் பூரிக் கடற்கரையில் சொர்க்கத்துவாரம் என்ற சுடுகாட்டுக்கு. வேட்டியோடு வரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் போலீஸ்காரர்.

கீழே வரவேற்பறையில் தம்பி பல்டு போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

"பாத்ரூம்ல ஒரு மிதியடி போட வக்கில்ல, இதுக்குப் பேரு ஹோட்டலா? எங்கப்பா நாப்பது வருஷம் கல்கத்தாவுல ட்ராம் ஓட்டினவரு. ஒரு நாள் தடுக்கி விழுந்தவரில்ல. உங்க ஊருக்கு வந்த மூணாம் நாள் பொணமாத் தூக்கிட்டுப் போறேன்!"

வேட்டி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பியவள், பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்த பக்கம் பார்த்துவிட்டாள்.

குளியலறைக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. காலை எட்டு மணிக்குப் பல்டு தோளால் இடித்து உடைத்தது. உள்ளே கவிழ்ந்து கிடந்த வாளியோ, போலீஸ்காரர் சாக்கட்டியால் வட்டமிட்ட இடமோ அவள் கண்ணில் தங்கவில்லை. எஃகுக் கம்பியில் ஹோட்டலின் வெள்ளைத் துண்டு தொங்கியது. நான்காக மடித்தது மடித்தபடி. ஒரு சொட்டு ஈரமில்லை.

கதவை உடைத்ததும் அப்பாவைப் பார்த்தாள். அடுத்த நொடி அந்தத் துண்டைப் பார்த்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

அப்பா குமுதரஞ்சன் சாமந்தாவுக்குக் குளிக்குமுன் உச்சி முதல் உள்ளங்கால் வரை கடுகெண்ணெய் தேய்த்தாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கேட்கவே வேண்டாம். வீட்டில் சொரசொரப்பான சிமெண்டுத் தரை, பயமில்லை. வெளியூர் போனால் மட்டும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கட்டம்போட்ட தன் பழைய கம்சாத் துண்டை நனைத்துப் பிழிந்து குளியலறைத் தரையில் விரிப்பார். அதன்மேல் நின்றுதான் குளிப்பார். காசியில் அப்படித்தான், டார்ஜிலிங்கில் அப்படித்தான். "துணி தரையப் பிடிச்சுக்கும், நான் துணியப் பிடிச்சுக்குவேன்" என்பார்.

இந்தத் தடவை வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தக் கம்சாவைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் எறிந்தவள் சுதபாதான். "ஹோட்டல்ல நல்ல துண்டு குடுப்பாங்க பாபா. இந்தக் கந்தல் எதுக்கு?"

நல்ல துண்டு கொடுத்தார்கள். முதல் நாள் அப்பா அதைத் தரையில் விரித்துக் குளித்தார். மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த குந்தளா அதை எடுத்து உதறியபோது கதவு திறந்திருந்தது. எதிர் அறைக்காரர்கள் தாழ்வாரத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துண்டின் நடுவே மஞ்சளாக இரண்டு பாதங்கள், பத்து விரல்களும் எண்ணக்கூடியபடி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சுதபாவுக்குக் காது வரை சுட்டது.

"என்ன பாபா இது? மூஞ்சி துடைக்கிற துண்ட மிதிச்சு வெச்சிருக்கீங்க! பாக்கறவங்க நம்மள என்ன நினைப்பாங்க? இன்னொரு தடவ இதக் கீழ போட்டீங்க, உங்கள நான் வாசப்படி தாண்டிக் கூட்டிட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் முதலில் குந்தளாவிடம்தான் பேசினார். "தப்பாப் போச்சு தாயி."

"அட, சோடாவுல ஊறவெச்சா போயிடும் பாபு" என்றாள் குந்தளா.

பிறகு மகளைப் பார்த்து, "சரி மா" என்றார். அவ்வளவுதான். நேற்று அவர் குளிக்கவேயில்லை. குளிராக இருக்கிறது என்றார். இன்று கோயிலுக்குப் போகும் நாள். குளிக்காமல் முடியாது.

"தீதி..."

வாசலில் குந்தளா நின்றிருந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரூமைப் பூட்டச் சொல்றாங்க."

"இதோ, ஆச்சு."

"நாளையிலேர்ந்து என்னை வரவேணாம்னுட்டாரு மேனேஜர். சோப்புத்தூளப் போட்டுட்டு அலசாம விட்டுட்டேனாம்." குரல் இறங்கியது. "ஏழு மணிக்குக் கழுவினேன் தீதி. அலசினேன், தொடைச்சேன். அப்புறம் செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலால தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன். வயசானவரு இருக்காருன்னு எனக்குத் தெரியாதா?"

பேசும்போதே அவள் பார்வை ஒருமுறை கம்பிக்குப் போய்வந்தது. சுதபா அதைக் கவனித்துவிட்டாள்.

"கீழ அவங்ககிட்ட... அந்தத் துண்டு விஷயத்தச் சொன்னியா?"

"எந்தத் துண்டு?" என்றாள் குந்தளா.

தெரியாமல் கேட்ட கேள்வியில்லை அது. சுதபா வேட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

வரவேற்பறையில் ஹோட்டலின் பாதிக் கூட்டம் கூடியிருந்தது. எல்லாம் கல்கத்தா பக்கத்து முகங்கள். எதிர் அறையில் தங்கியிருந்த, எல்லாரும் மாசிமா என்று கூப்பிடும் அம்மாள் ஓடி வந்து சுதபாவின் கன்னத்தைத் தடவினாள்.

"அழாதே மா. பூரியில உயிர் போறதுன்னா சும்மாவா? சொர்க்கத்துவாரத்துல வேகறதுக்கு அவனவன் தவம் கிடக்கறான். என் வீட்டுக்காரரு வருஷா வருஷம் இதுக்குன்னே வர்றாரு, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

"ஏய்!" என்றார் அவள் கணவர்.

"நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

மற்றவர்கள் ஆளுக்கொரு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெளியூர்க் குளியலறையில் ரப்பர் செருப்பைக் கழற்றுவதே இல்லையாம். இன்னொருவர் ஒரு கையைக் குழாயிலிருந்து எடுக்கவே மாட்டாராம். அவர் மனைவி ஒரு பிடி கல்லுப்பு தூவிவிட்டுத்தான் உள்ளே போவாளாம். "இவரும் ஏதாவது ஒரு வழி பண்ணியிருக்கலாம், பாவம்" என்றார் குழாயைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர். "பழைய காலத்து மனுஷன், யோசிச்சிருக்க மாட்டாரு."

சுதபா பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா யோசிக்காதவரா?

பல்டு மேஜையில் ஒரு தாளை வைத்தான்.

"கம்ப்ளெய்ண்ட் எழுதிட்டேன். ரூம்ல இருந்தது நீதான், நீதான் கையெழுத்துப் போடணும்."

அவள் படித்தாள். குளியலறைத் தரையில் சோப்பு இருந்ததாகவும், துப்புரவுப் பணியாளர் குந்தளாவின் கவனக்குறைவே தங்கள் தந்தையின் சாவுக்குக் காரணம் என்றும் எழுதியிருந்தான். அவன் கையெழுத்து அப்பாவின் கையெழுத்து போலவே வலப்புறம் சாய்ந்திருந்தது.

மேனேஜர் மகாபாத்ரா பேனாவை நீட்டினார். "போட்டுடுங்க மேடம். அந்தப் பொம்பளைய அனுப்பியாச்சு. ஹோட்டல் மேல தப்பு இல்லைன்னு நீங்களும் ஒரு வரி சேர்த்தா நல்லது."

பேனாவை வாங்கிக்கொண்டாள். போட்டுவிடலாம். போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கல்கத்தா போன பிறகு அத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். சோப்பு என்று சொன்னால் ஆயிற்று. குந்தளாவும் வாயைத் திறக்கப் போவதில்லை. மாடிப்படியின் திருப்பத்தில், கையில் சாவிக்கொத்தோடு, தரையைப் பார்த்து நின்றிருந்தாள் அவள்.

"தரையில சோப்பு இல்ல" என்றாள் சுதபா.

"என்னது?"

"அவங்க நல்லாத்தான் கழுவினாங்க. பாபா காலடியில துண்டு விரிச்சுத்தான் குளிப்பாரு. உனக்கும் தெரியும். இன்னைக்கு விரிக்கல."

"ஏன் விரிக்கல?"

"நான் திட்டினேன்."

தாழ்வாரத்தில் நின்று தேநீர் குடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பல்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்சாவ வீட்லயே போட்டுட்டு வந்தேன். ஹோட்டல் துண்ட விரிச்சாரு. எல்லார் முன்னாலயும் திட்டினேன். இன்னைக்கு அது கம்பியிலயே இருக்கு பல்டு. மடிப்புகூடக் கலையல. நான் பாத்தேன். காலையிலயே பாத்தேன்."

"விதி மா, நீ என்ன பண்ணுவ..." என்று தொடங்கிய மாசிமாவை அவள் கணவர் கையைப் பிடித்து இழுத்தார்.

பல்டு தாளை எடுத்தான். கிழிப்பான் என்று நினைத்தாள். கிழிக்கவில்லை. சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே போனான். இனி மடிக்க முடியாது என்று ஆனதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இத ஏன் தீதி எங்கிட்ட சொன்ன?" என்றான் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

மகாபாத்ரா தொண்டையைச் செருமினார். "அப்போ... குந்தளா நாளைக்கு வரட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல். மாடிப்படித் திருப்பத்தில் சாவிக்கொத்து ஒருமுறை சிணுங்கியது. நன்றியாக ஒரு பார்வை வந்துவிடுமோ என்று பயந்து சுதபா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான்கரைக்குப் பல்டு கொள்ளி வைத்தான். சிவப்புக் கரை முதலில் பற்றியது. கடற்காற்றில் சிதை அவசரமாக எரிந்தது. நூறு அடி தள்ளி ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொரிக்காரன் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே போனான். புரோகிதர் கேட்டவற்றுக்கு மட்டும் பல்டு பதில் சொன்னான். பேர், கோத்திரம், வயது. எழுபத்தாறு என்பதற்குப் பதில் எழுபத்தைந்து என்றான். அவள் திருத்தவில்லை.

சாம்பலுக்கு நீர் தெளித்த பிறகு தலை முழுகச் சொன்னார்கள். இருட்டியிருந்தது; கரை விளக்குகளின் வெளிச்சம் மட்டும் அலைமேல் விழுந்தது. பல்டு கடலுக்குள் நடந்தான். அவளும் நடந்தாள். முழங்கால் அளவு நீரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. கூப்பிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று கூப்பிடுவது?

பெரிய அலை ஒன்று வந்து இடுப்பில் மோதிவிட்டுத் திரும்பியது. போகும்போது அவள் பாதங்களுக்கு அடியிலிருந்த மணலை அரித்துக்கொண்டு போயிற்று. உடம்பு சாய்ந்தது. யாரும் சொல்லித் தராமலே கால்விரல்கள் பத்தும் இறுகி மணலுக்குள் புதைந்தன.

சுதபா விழாமல் நின்றாள்.