இடது கைக்கு ஒரு மை

என் வீட்டுக்காரருக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் வருகிறது: 'சரி'. முப்பது வருஷம் நில அளவை வேலை பார்த்தவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். ஜன்னலைத் திறங்கள் என்றால் கதவைத் திறப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுக்க விழுந்து, மிச்சம் விட்டுவைத்த சொல் இதுதானா! கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி. "புத்தி தெளிவா இருக்கும்மா, நாக்குதான் சொன்னபடி கேக்கல" என்றார் டாக்டர். பசிக்கிறதா? சரி. முதுகு வலிக்கிறதா? சரி. எரிச்சலில் ஒருநாள், தலையில் கொதிநீர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சரி. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் கரண்டியும் கையுமாக நின்றபடியே தூங்குவதைப் பார்த்துவிட்டாள். ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க நான் எத்தனை தடவை எழுந்திருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நல்ல ஹோம் ஒண்ணு பாத்திருக்கேன். எந்நேரமும் நர்ஸ் இருப்பாங்க. அங்க போறீங்களா?"

"சரி."

"பாத்தியாம்மா? அப்பாவே சரின்னுட்டாரு."

"அடிப்பாவி! காக்கா கத்தினாக்கூட உங்கப்பா சரிங்கறாரு. அது ஒரு பதிலா?"

தலையையாவது ஆட்டச் சொன்னோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் காற்றில் கிறுக்கிக் காட்டினார். எழுதித் தருகிறாராம். "சரிம்மா, ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். அதுக்குள்ள அப்பா வேற ஏதாவது எழுதிக் குடுத்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மகள். அவள் கெட்டவள் இல்லை, எனக்காகத்தான் பயப்படுகிறாள். ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அவரைத் தூக்கிப்போக விட எனக்கு மனசு வரவில்லை.

எழுதுவதும் லேசாக இல்லை. பால்பாயின்ட், பென்சில் இரண்டையும் அழுத்த வேண்டும். பழக்கமில்லாத இடது கைக்கு அந்த அழுத்தம் வரவில்லை. போனில் தட்டச் சொன்னால் ஒரு எழுத்துக்கு நாலு விழுந்தது, போனைத் தூக்கி எறிந்தார். மைப்பேனா தொட்டாலே எழுதும். ஆனால் இடது கை, எழுதியதன் மேலேயே ஊர்ந்து போகிறது. கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் உள்ளங்கையில் இருக்கிறது, தாளில் வெறும் நீலச் சேறு. "என்னங்க எழுதினீங்க?" என்று கேட்டால், "சரி." போதுமடா சாமி என்று ஆகிவிட்டது.

கடைத்தெருவில் என் புலம்பலைக் கேட்ட பேனாக் கடைக்காரர் ஒரு சின்னப் புட்டியை எடுத்து வைத்தார். "இது மாசிக்காயும் இரும்பும் சேர்ந்த இங்க்கும்மா. எழுதறப்ப ஊதா, காத்து பட்டா கருக்கும். சீக்கிரம் காஞ்சிடும். காஞ்சப்புறம் தண்ணியே ஊத்தினாலும் எழுத்து போகாது. பேனாவ மட்டும் அடிக்கடி கழுவிடுங்க, இல்லன்னா நிப்ப அரிச்சிடும்."

"ஆமா, எங்க வீட்ல கழுவறதுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன். இருந்தாலும் வாங்கினேன்.

அவர் சாப்பிட்டுத் தூங்கிய மதியத்தில், சாப்பாட்டு மேசையில் மூன்று பேனாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தது என் இடது கையால். முதலில் அவருடைய பழைய தங்க நிப் பேனா. குழாய் திறந்ததுபோல் ஊற்றியது; மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறம். அடுத்து மகளின் பள்ளிக்கூடத்துப் பேனா. தாளைக் கீறியதே தவிர எழுதவில்லை. கடைசியாக, மளிகைக் கணக்குக்காக நான் வைத்திருந்த மலிவுப் பேனா, ஊசி மாதிரி நிப். மெல்லிசாக எழுதியது. கை மேலே ஊர்ந்தும் கலையவில்லை! அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நாளும் தாளை எனக்கு வாகாக, வலது கைக்காரி சாய்க்கிற பக்கமே சாய்த்து வைத்திருக்கிறேன். மறுபக்கம் சாய்த்ததும் கை தானாக வழி விட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் தட்டின் மேல் தாளை வைத்து, துணிக் கிளிப் போட்டு, பேனாவைக் கையில் கொடுத்தேன். போகமாட்டேன் என்று எழுதுவார், அதை மகள் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கினார். நெற்றியில் வேர்த்தது. எழுதி முடித்து, தட்டை என் பக்கம் தள்ளினார்.

கோணல்மாணலாக, ஆனால் தெளிவாக, ஊதாவில் இருந்தது: 'நான் போறேன். நீ தூங்கு.'

அடுக்களைக்குப் போனேன். தேய்த்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இதற்கா கடை ஏறி இறங்கி மை வாங்கினேன்? அந்த வரியைப் படித்த நொடியில், அப்பாடா, தூங்கலாம் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அவளை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தபோது எழுத்து கருத்திருந்தது. கையிலிருந்த ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஊதா கரைந்து துணிக்கு வந்தது. எழுத்து மட்டும் கறுப்பாக அப்படியே நின்றது. இன்னும் தேய்த்தேன். தாள்தான் நைந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தியாகி பட்டமா வேணும் உங்களுக்கு?" என்று கத்தினேன். "நாளைக்கு அவ வரட்டும். வந்து வாரத்துல ரெண்டு ராத்திரி இங்க படுக்கட்டும். முடியலன்னா கூலிக்கு ஆள் வைக்கலாம். என்னால தனியா முடியலதான், ஒத்துக்கறேன். அதுக்காக நீங்க எங்கயும் போகக் கூடாது. கேக்குதா?"

என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சரி" என்றார்.

அர்த்தமே இல்லாத சொல் என்று மகளோடு நான் மல்லுக்கு நின்ற அதே சரி. அது எனக்குப் போதுமாக இருந்தது. பேனாவைக் கழுவக்கூட இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனேன்.