சுவாம்பிள்ளை அண்ணை சப்பிய புகையிலை

சினியோராவின் மேசையில் சிவப்புத் துணியில் முடிந்து வைத்திருந்த புகையிலையை, யாருக்கு, எதற்கு என்று ஒரு சொல் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய், சுவாம்பிள்ளை அண்ணைக்கு வெற்றிலையோடு சப்பக் கொடுத்தவன் நான்தான்.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய அம்மா, சினியோரா நுன்சியா, எண்பதைத் தாண்டியவர். புகைக்கவே கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒளித்துப் புகைக்கிறார் என்று நினைத்துப் பறிமுதல் செய்தேன். சுவாம்பிள்ளை அண்ணையோ, பலேர்மோவின் பல்லாறோ சந்தையில் வெற்றிலை கிடைக்கிறது, நல்ல புகையிலைதான் இல்லை என்று பூசை முடிந்த கையோடு வேதக்கோயில் வாசலில் நின்று புலம்புகிறவர். ஓர் உயிரைக் காப்பாற்றி இன்னோர் உயிரைக் குளிர்வித்துவிட்டதாக எனக்குப் பெரிய திருப்தி.

வெள்ளிக்கிழமை காலையில் சினியோரா மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொட்வினோ, என் சிவப்பு முடிச்சு எங்கே?"

"நீங்கள் புகைக்கக்கூடாது, சினியோரா."

"நான் எங்கே புகைக்கப் போனேன்? அது அடுத்த கிழமை வருகிற என் விருந்தாளிக்கு!"

சினியோரா பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். இளைப்பாறிய பிறகு ஒரே ஒரு மனிதனைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்தவன். தாய் வழியில் ஓஜிப்வே என்ற பழங்குடியின் இரத்தம். அந்தச் சனத்தைப் பற்றி வெளியாட்கள் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவன் முதியவர்களிடம் போயிருந்து, அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதினான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்பார்த்தான். முப்பது வயதைக் காணாமல் இறந்துபோனான். இந்த இடம் வரும்போது சினியோரா கண்ணாடியைக் கழற்றுவார். நான் குசினிக்குப் போய்விடுவேன். அங்கே வெங்காயத்தின்மேல் பழிபோடலாம்.

வரப்போகும் விருந்தாளி ஓஜிப்வேப் பெண். அவர்களிடம் கதை கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லையாம். முதலில் புகையிலையை நீட்ட வேண்டும். அதை வாங்கிக்கொண்டால், சொல்லச் சம்மதம் என்று பொருள்.

"வாங்கிச் சப்பிவிட்டால்?" என்று கேட்டு, நடந்ததைச் சொன்னேன்.

சினியோரா இருமல் வரும்வரை சிரித்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. "கீழே கடையில் வேறு வாங்கலாம். ஆனால் உன் மனிதர் வாங்கிவிட்டாரே, கொட்வினோ! அவரிடம் கேட்க உனக்கு ஒன்றும் இல்லையா?"

இருந்தது. பலேர்மோவுக்கு வந்த முதல் மாரியில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் அறையில், நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாய்ச் சாகக் கிடந்தேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். பின்னேரங்களில் யாரோ கதவைத் தட்டுவார்கள். எழும்பிப் போய்த் திறந்தால் ஆள் இருக்காது. துவாயில் சுற்றிய கஞ்சிச் சட்டி இருக்கும். அந்தக் கஞ்சியால்தான் இன்று நான் பகிடி விட்டுக்கொண்டு திரிகிறேன்.

இந்த வருடம் கோயில் திருவிழாவுக்காக, நம்மவர்கள் இங்கே வந்துசேர்ந்த கதைகளைப் போனில் பதிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. சினியோரா எழுதுகிற அந்த ஆள் செய்ததுபோலவே ஒருவர் கதையை மற்றவர் கதையோடு ஒத்துப்பார்த்தேன். எல்லோர் கதையிலும், கஞ்சி வைத்தது யார் என்ற என் கேள்வியையும் செருகினேன். திருவிழா மேடையில் அந்தப் பெயரை உரத்துச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். வேறு ஆசை இல்லை. சந்தேகப்பட்ட வீடுகளுக்கெல்லாம் கன்னோலி இனிப்போடு போனேன். கன்னோலியைச் சாப்பிட்டுவிட்டு, தாங்கள் இல்லை என்றார்கள்.

"நானோ? அப்ப என்ரை பிள்ளையளுக்குச் சமைக்கவே நேரமில்லை," என்றார் றோசமலர் அக்கா. "உனக்கு மேல்வீட்டிலை இருந்தவர் சுவாம்பிள்ளை அண்ணைதானே, அவரைக் கேள்."

அவரை வருடக்கணக்காகக் கேட்கிறேன். "நீ உயிரோடை இருக்கிறாய்தானே, அது காணாதோ?" என்பார்.

வெள்ளிக்கிழமை என்பதால் பல்லாறோவில் மீன் கடைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணை, நான் தந்த புகையிலை எப்பிடி?"

"ஒரு உறைப்பும் இல்லையடா. இன்னும் கிடக்கோ?"

"அது ஓஜிப்வே எண்ட சனத்தின்ரை முறைக்கு வச்சிருந்தது. வாங்கினவர் கேட்டதுக்குப் பதில் சொல்லவேணும்."

"நான் மன்னார்ப் பேசாலைக்காரன். எனக்கென்ன அவையின்ரை முறை? துப்பிப்போட்டன்."

"முழுக்கவோ?"

அவர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்களைக் கேக்கச் சொன்னதே சினியோராதான், அண்ணை."

மீனை வைத்துவிட்டுத் திரும்பினார். "சினியோராவோ? அவவுக்குக் கஞ்சிக் கதை தெரியுமோ?"

"கஞ்சி வந்தது தெரியும். ஆர் தந்தது எண்டு எனக்கே தெரியாதே."

"வெள்ளிக்கிழமையிலை அந்தக் கஞ்சிக்குள்ளை மீன் கிடந்ததோ?"

யோசித்தேன். மற்ற நாட்களில் மீனோ இறாலோ தட்டுப்படும். "வெள்ளியிலை வெறும் கீரை."

"விசரா! வெள்ளிக்கிழமை மீன் இல்லாத வேதக்கார வீடு எங்கையடா இருக்கு? ஒரு சைவ வீட்டிலையாவது கேட்டனியோ?"

கேட்கவில்லை. கன்னோலி போன வீடெல்லாம் எங்கள் கோயிலுக்கு வரும் கிறிஸ்தவ வீடுகள்தான்.

"ஆர் அண்ணை? உடைச்சுச் சொல்லுங்கோ."

சுவாம்பிள்ளை அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாகப் பகிடி இல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஞானாம்பிகை. உனக்கு முதல் உன்ரை சினியோரா வீட்டிலை நிண்டு வேலை செய்தவ. மன்னார்ப் பொடியன் ஒண்டு சாகக் கிடக்குது எண்டு சொன்னன், அவ்வளவுதான். அந்தக் குசினியிலைதான் களவாய்க் காய்ச்சினவ, தூக்கிக்கொண்டு வந்தது நான். சினியோரா அறிஞ்சால் வேலை போயிடும் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. உன்ரை வாயை நம்பி நான் என்னெண்டு சொல்லுறது? இப்ப சினியோராவே கேக்கச் சொன்ன பிறகு, என்ரை சத்தியம் முடிஞ்சுது. பகேரியாவிலை இருக்கிறா. றெயின் எடுத்துப் போ. இண்டைக்கு வெள்ளி, மீன் கீன் கொண்டு போயிடாதை."