கோரைப்பல் ராணியும் ஒரு நிமிடமும்

பையை நான்காவது முறையாகக் கவிழ்த்துக் கொட்டினேன். பசை, ஊக்கு, கத்தரிக்கோல், கொம்புக்கு உதிரித் திருகு, தண்ணீர் பாட்டில், வாய் துடைக்கத் துணி. எல்லாம் இருந்தது. முந்தைய மூன்று முறையும் இருந்ததுதான். திரும்ப அடுக்கினேன்.

“அந்தப் பைக்கு வாய் இருந்தா அழுதுடும்,” என்றாள் அக்கா. என் கறுப்பு அங்கியை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை ரசிகர் மாநாடு. மாநாடு என்றதும் மாலை, மைக், மேடை என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் தொடர்களின் பைத்தியம் நாற்பதை நெருங்கியும் தெளியாதவர்கள், வேடம் கட்டிக்கொண்டு ஒரு பெரிய கூடத்தில் கூடுவோம். நான் கோரைப்பல் ராணி. கொம்பும் தோள்கவசமும் அட்டையில் வெட்டி ஒட்டியவை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். பல் அப்படியில்லை. பல் என் தொழில்.

பல் கட்டும் லேபில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, அந்த மாதிரியின்மேல் பல்லைக் கட்டி, கடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்து டப்பாவில் போட்டு அனுப்புவேன். நோயாளி முகத்தை நான் பார்ப்பதில்லை. அந்த வேலையை நான் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். பிளாஸ்டர் வாய் என்னிடம் பேச்சுக் கொடுக்காது.

எனக்குத் திக்கும். ‘ப’வும் ‘க’வும் ஜென்ம விரோதிகள். காப்பி குடிக்கப் போய், சொல்ல வராமல், டீ குடித்துவிட்டு வந்த நாட்களுக்குக் கணக்கில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பள்ளியில் கேட்காத வாத்தியார் இல்லை. அப்போதுதான் தொலைக்காட்சியில் ராணி வந்தாள். வில்லிதான். ஆனால் என்ன பேச்சு! ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் மிட்டாய் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவாள். ஒருநாள் வகுப்பில் வருகைப் பதிவின்போது அதே மாதிரி “உஉஉள்ளேன்” என்று இழுத்தேன். வகுப்பே சிரித்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொல்லி முடித்ததற்குச் சிரித்தார்கள்.

ராணிக்குக் குரல் கொடுத்தவரை ரசிகர்கள் நாங்கள் குரலம்மா என்போம். அவர் நாளை வருகிறார். டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். மணி அடித்தால் நகர்ந்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் நான் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முப்பது வருடமாக இருக்கிறது.

“சரி, ஆரம்பி,” என்றாள் அக்கா, கைப்பேசியில் நேரம் பார்க்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு. “வேஷத்தோட.”

அங்கி, கவசம், கொம்பு எல்லாம் மாட்டினேன். கடைசியில் பல். டக்கென்று உட்கார்ந்தது. கடித்துப் பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. நிமிர்ந்து, ராணியாகவே பேசினேன். திக்கவில்லை. அவள் குரலில் பேசினால் எனக்குத் திக்கவே திக்காது.

அக்கா பொத்தானை அழுத்தவே மறந்து என்னைப் பார்த்தாள். “இப்ப என்ன சொன்ன நீ?”

மறுபடி சொன்னேன்.

“ஒரு எழுத்து புரியலடி. வாய் நிறைய பஞ்சு வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு.”

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். கடியைப் பார்த்தேன், பளபளப்பைப் பார்த்தேன், நிறம் பார்த்தேன். பேசிப் பார்க்கவில்லை. பதினான்கு வருடத்தில் நான் கட்டிய பற்களில் ஒன்றுகூடப் பேசி நான் கேட்டதில்லை. ராணியின் பல் உடைந்துவிடக் கூடாதென்று, நாக்கு தொடும் இடத்தில் அதைத் தாங்கும் தகட்டைக் கெட்டியாக வைத்திருந்தேன். நாக்கு போக இடம் எங்கே?

உடனே அறைக்குப் போய்ச் சின்ன ராவும் மெஷினைப் போட்டேன். தகட்டைத் தேய்த்தேன். மாட்டிப் பேசினேன். கழற்றித் தேய்த்தேன். அக்கா வாசலில் நின்று, “போதும்டி, காகிதமாயிடும்,” என்றாள். எனக்கா சொல்லித் தருகிறாய் என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். படக்கென்றது. ராணியின் பல் இரண்டாகி என் கையில் கிடந்தது.

மணி நாலு. அறைக்கும் கூடத்துக்கும் ஏழு தடவை நடந்தேன். பையைக் கவிழ்த்தேன், அடுக்கினேன். பல் கட்டும் தூள் இருக்கிறது, அதைக் குழைக்கும் திரவம் இருக்கிறது, என் வாயின் பிளாஸ்டர் மாதிரியும் இருக்கிறது. இருட்டுவதற்குள் இன்னொன்று கட்டிவிடலாம். கிண்ணத்தில் தூளைக் கொட்டித் திரவம் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தேன்.

கலக்கும்போதே கை நின்றுவிட்டது. நாளை முழுக்க அந்த அம்மாவிடம் எத்தனை பேர் அவர் குரலையே பேசிக் காட்டுவார்கள்! நாற்பது ராணிகளில் நானும் ஒருத்தியாகப் போய், ராணி குரலில் நன்றி சொன்னால், எனக்குப் பேச்சு வந்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? பல்லை நான் அழகுக்கா கட்டினேன்? பயத்துக்குக் கட்டினேன். அவ்வளவுதான். கிண்ணத்தில் மாவு கல்லாக இறுகிவிட்டது.

கூடத்துக்கு வந்து, “ப... ப... பல் வேண்டாம்,” என்றேன். “என் வாயாலயே சொல்றேன். நேரம் பாரு.”

அக்கா கோர்ட்டில் சுருக்கெழுத்தர். எதிரே பேசுகிறவர் எங்கே போய் முடிப்பார் என்று அவளுக்கு முன்பே தெரிந்துவிடும். கோர்ட்டில் மட்டும் சாட்சி அழுதாலும் விக்கினாலும், சொல் வரும்வரை அவள் பென்சில் அசையாதாம். வீட்டில் அந்தச் சட்டம் கிடையாது. நான் ‘ப’ என்று நின்றால் ‘பால்’ என்பாள், ‘க’ என்று நின்றால் ‘கதவு’ என்பாள். பாதி நேரம் நான் சொல்லவந்தது அது இல்லை. இருந்தாலும் தலையாட்டிவிடுவேன்.

ஆரம்பித்தேன். “அம்மா, நீங்க இழுத்து இழுத்துப் பேசினதைக் க... க...”

“கேட்டுத்தான்,” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு!”

திடுக்கிட்டாள். நான் அவளிடம் கத்தியதே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தாள். முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வாத்தியார்கள், அந்த “உள்ளேன்”, அவரால்தான் எனக்குப் பேச்சு வந்தது என்பது. ‘பேச்சு’ என்ற சொல்லிலேயே பொழுது போனது. முடித்தபோது கழுத்தெல்லாம் வியர்வை.

“ஒரு நிமிஷம் நாற்பத்திமூணு செகண்டு,” என்றாள்.

இரண்டாம் முறை, ஒன்று ஐம்பது. மூன்றாம் முறை அழுகை வந்துவிட்டது.

“பேச்சுங்கறதை மாத்திடேன். வார்த்தைன்னு சொல்லு.”

“மாட்டேன். டீ குடிச்சதெல்லாம் போதும்.”

வாத்தியார்களை வெட்டிப் பார்த்தேன், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை வெட்டிப் பார்த்தேன். எதை வெட்டினாலும் மணி எனக்கு முன்னால் அடித்துவிடும் போலிருந்தது. பாதியில் நகர்த்திவிடுவார்கள். அவர் சிரித்துக் கையாட்டுவார். முப்பது வருடம் பாதி வாக்கியத்தோடு போய்விடும். கொம்பைக் கழற்றிச் சோபாவில் எறிந்தேன். “நான் போகல.”

அக்கா உள்ளே போய் அவள் ஆபீஸ் பையை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை என் சீட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். என்னுடையது நாற்பத்தொன்று. அது நாற்பத்திரண்டு.

இரண்டும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் பதிந்தவை. நான்கு மாதத்துக்கு முன், இதே மேசையில் நான் நகம் கடித்தபடி பதிந்தபோது, எதிரே உட்கார்ந்து, “கழுதை வயசாச்சு, கார்ட்டூனாம்,” என்று கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவள் இவள். இன்று காலைகூட, கூட்டம் என்றால் எனக்கு ஆகாது, வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றவளும் இவள்தான்.

“உனக்கு எ... எதுக்கு டோக்கன்?”

“என் முறை வந்ததும் எனக்குத் தொண்டை கட்டிக்கும். பேச முடியலைன்னு சைகை காட்டுவேன்.” தோள்கவசத்தின் பிரிந்த ஓரத்தில் பசை தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “இத்தனை வருஷமா உனக்குப் பதிலா நான் பேசினேன்ல? நாளைக்கு எனக்குப் பதிலா நீ பேசு.”

எவ்வளவோ சொல்ல வந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

“க... க... க...”

அவள் உதடு அசைந்தது. அசைந்து மூடிக்கொண்டது. பசைக்குச்சி அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு மேசையில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

“...காப்பி போடட்டுமா?” என்றேன்.

“போடு,” என்றாள் அக்கா.