இடம் மாறும் வலி

செருப்பின் வார் கொக்கிக்கு எட்டவில்லை. பெரியம்மா தரையில் உட்கார்ந்து, குட்டியின் இடது காலை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். குட்டி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெரியம்மாவின் தோளைப் பிடித்தாள். எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு இவ்வளவு பலம் உண்டா என்று பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல." குட்டி வெளி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றாள்.

வெளி அறையில் குட்டியின் அம்மா கிடத்தப்பட்டிருந்தாள். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். முப்பத்துநாலு வயது. இதய வால்வு சுருங்கிப்போய், முதலில் மாடிப்படி ஏற முடியாமல், பிறகு நடக்க முடியாமல், கடைசி மாதங்களில் படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கியவள். இன்றைக்குத்தான் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பெரியம்மா அவளுடைய ஒரே அக்கா.

பெரியம்மாவுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினெட்டு வருஷமாகப் பிறர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்கிறவள். சட்டையின் ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் கால் அங்குலம் வித்தியாசம் இருந்தால் போதும், கண் தானாக நின்றுவிடும். இப்போது குட்டியின் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சுட்டது. நெற்றியைத் தொட்டாள். அங்கேயும் சூடு.

"முந்தாநாள் முட்டிதானே வலிக்குதுன்னே?"

"அது வலது முட்டி. அப்பா மாத்திரை குடுத்தாரு, போயிடுச்சு. அப்புறம் இங்க வந்துடுச்சு."

விருந்தாளி அடுத்த வீட்டுக்குப் போனதைச் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் தங்கச்சியும் இதையேதான் சொன்னாள். ஒரு நாள் முழங்கால், இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு, அப்புறம் இன்னொரு முழங்கால். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக் கள்ள வலி என்று வீடே முடிவு கட்டிவிட்டது. "பொய் சொல்றதுக்கும் ஞாபகசக்தி வேணும்டீ, நேத்து எந்தக் கால்னு மறந்துட்டியா?" என்று கேட்டது பதின்மூன்று வயது அக்காதான். வீடே சிரித்தது. அன்றிலிருந்து தங்கச்சிக்கு 'நாடகம்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தில்கூட ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதய டாக்டர் தங்கச்சியைச் சோதித்துவிட்டு, கூட வந்த அக்காவிடம் கேட்டார். சின்ன வயதில் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்ததா? ஒரு மூட்டில் ஆறி, இன்னொன்றில் வந்ததா? அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விடும், இதயத்தில் தழும்பை வைத்துவிட்டுப் போகும் என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. தங்கச்சிதான், "வந்துச்சு டாக்டர், யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்று சொல்லிச் சமாளித்தாள்.

"என்ன, இன்னும் புள்ளைய கெளப்பலையா?" என்று வாசலில் வந்து நின்றார் அக்கா தங்கச்சி இருவருக்கும் பெரியப்பா. சாவு வீட்டில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்புகிறவர்.

"கால் வீங்கியிருக்கு பெரியப்பா."

"எங்கயாவது இடிச்சிருக்கும். முந்தாநாள் வலது கால்ல நொண்டிச்சு, இன்னைக்கு இடது காலா?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரியமாகச் சிரித்தார். "அப்படியே அவ அம்மா. நாடகம்."

குட்டி அதற்குள் மடியில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத பிள்ளை. பெரியம்மா அவளுடைய நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். தூங்குகிற பிள்ளைக்குள் இதயம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண முயன்று, பாதியில் கணக்கு தவறி, மறுபடி எண்ணினாள். எண்ணிக்கைக்கு எட்டாத வேகம்.

குட்டியின் அப்பாவைக் கூப்பிட்டாள். லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து யாராவது சொன்னால் எழுந்து, சொன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி, இவளுக்குத் தொண்டை வலி வந்துச்சா? சமீபத்துல?"

"வந்துச்சுக்கா. மூணு வாரம் இருக்கும். எச்சில் முழுங்க முடியலன்னா. நான் அப்ப ஆஸ்பத்திரியிலயே இருந்தேன். அதுவா சரியாயிடுச்சு."

"காய்ச்சல்?"

"ரெண்டு மூணு நாளா விட்டு விட்டு. என் முதுகு வலி மாத்திரையில பாதி குடுத்தேன். வலி உடனே நின்னுடுச்சே."

"வலிதான் நின்னுச்சு. இவள இப்பவே காட்டணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால். "நாலு மணிக்கு எடுத்துடுவாங்க. முடிச்சிட்டு நானே கூட்டிட்டுப் போறேனே."

"பெத்தவ போறப்ப புள்ள இல்லேன்னா ஊர் என்ன பேசும்?" என்றார் பெரியப்பா. "நீயும் கூடப் போயிட்டா? ஒரே அக்கா."

பெரியம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் குரல் வெளி அறைவரை கேட்டது.

"அவ நாடகம் ஆடலை பெரியப்பா. அவளுக்கு நிஜமா வலிச்சுது. ஒவ்வொரு மூட்டா வலிச்சுது. இதே காய்ச்சல்தான். அதுலதான் இதயம் கெட்டுது. நாம சிரிச்சோம். மொதல்ல சிரிச்சது நான்."

பெரியப்பா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தம்பி, இவ நெஞ்சுல கை வெச்சுப் பாருங்க."

அவர் வைத்துப் பார்த்தார். இரண்டு வருஷம் மனைவியின் நெஞ்சில் கை வைத்து வைத்துப் பழகியவர். கையை எடுத்ததும் போனைத் தேடினார். "கார் கூப்பிடுறேன்" என்றார்.

குட்டி விழித்துக்கொண்டாள். பெரியம்மா அவளை இறக்காமலே வெளி அறைக்குப் போய்த் தங்கச்சியின் பக்கத்தில் குனிந்தாள். குட்டி கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். போர்வைக்கு வெளியே தங்கச்சியின் பாதங்கள் தெரிந்தன. இத்தனை மாதம் வீங்கியிருந்தவை இன்னும் வடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியம்மா காலையிலிருந்து நினைத்திருந்தாள். கேட்கிற நேரத்தில் கார் வந்துவிட்டது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். எல்லாவற்றையும் கேட்டாள். தொண்டை வலி எப்போது, எந்த மூட்டு முதலில், மாத்திரை என்ன மாத்திரை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, குட்டியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், இருட்டறையில் இதயத்தைப் படம் பிடித்தார்கள்.

"வால்வுல லேசா கசிவு இருக்கு" என்றாள் டாக்டர். "இப்பதான் ஆரம்பம். இப்ப கூட்டிட்டு வந்தது நல்லது. சேத்துக்கறோம். நல்லா ஓய்வு வேணும். அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருஷத்துக்கு, ஒண்ணுகூட விடக் கூடாது."

"வலி நின்னுட்டாலும்?"

"வலி நின்னுட்டாலும். வலி நின்னதும்தான் எல்லாரும் விட்டுடறாங்க." காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள். "வீட்டுல வேற யாருக்காவது இது வந்திருக்கா? அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு வந்துச்சு."

"அவங்க வரலையா?"

பெரியம்மா குட்டியின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். டாக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பென்சிலின் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நர்ஸ் குட்டியின் முன்கையில் ஒரு துளி மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றி, அதைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டாள். "இருபது நிமிஷம் பக்கத்துலயே இருங்க. சிவந்தாலோ தடிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கூப்பிடுங்க."

போன் அடித்தது. குட்டியின் அப்பா. பின்னால் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாங்கக்கா?"

"அதேதான், தம்பி. லேசாத்தான் இருக்காம். சேத்துட்டாங்க."

அவர் பக்கத்தில் யாரிடமோ, "சேத்துட்டாங்களாம்" என்று சொல்வது கேட்டது.

"வண்டி வந்து அரை மணி நேரமா நிக்குது. பெரியப்பாதான், நீங்க வரட்டும்னு நிறுத்தி வெச்சிருக்காரு."

"இப்ப இவள விட்டுட்டு வர முடியாது."

"தெரியும்க்கா. நீங்க சொன்னாதான்..."

வட்டத்துக்குள் ஊசி குத்திய இடம் ஒரு கடுகளவு மேடாக இருந்தது. அது இப்போது வந்ததா, முதலிலேயே இருந்ததா என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எடுங்க" என்றாள்.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, குட்டியின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்த நீல வட்டத்தைக் குனிந்து பார்த்தாள்.