கல் கன்னம்

பேருந்துப் பணிமனை மெக்கானிக்கின் முகம் கல்லாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பதினாறு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தபோது, ஆம்பளப் பையன் அழக்கூடாது என்று சித்தப்பாக்கள் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் இரண்டு கன்னமும் கருங்கல். மாமனார் தட்டிப் பார்த்து, கம்பீரமான முகம் என்று திருப்திப்பட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார். மனைவியோ கணவர் சந்தோஷமாக இருக்கிறாரா கோபமாக இருக்கிறாரா என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக் குடும்பம் நடத்தினாள்.

மகன் வேறு மாதிரி வளர்ந்தான். காதில் கம்மல், நகத்தில் நீலப் பாலிஷ். அவனும் நண்பர்களும் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒருவர் முகத்தில் ஒருவர் க்ரீம் பூசிக்கொண்டார்கள். நல்லா இருக்கேடா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அழுகை வந்தால் அழுதார்கள். மெக்கானிக் க்ரீம் டப்பாக்களைக் குப்பையில் வீசினார். மகன் எடுத்துத் துடைத்து வைத்தான். அப்பாவோடு பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

போன மழைக்காலத்தில் கல் கழுத்துக்கு இறங்கியது. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் கையை விரித்தார். கல்தச்சர் உளியை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறாரே என்று போய்விட்டார்.

மகன் அனுமதி கேட்கவில்லை. அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தில் க்ரீம் தேய்க்க ஆரம்பித்தான். கை ஓய்ந்தால் நண்பர்கள் மாறி உட்கார்ந்தார்கள். நகங்கள் கல்லில் உரசி உடைந்தன. தேய்த்தபடியே ஒருவன் காதலில் தோற்றதைச் சொன்னான், இன்னொருவன் தன் அப்பாவிடம் உள்ள பயத்தைச் சொன்னான். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு மத்தியானம் கழுத்து இளகி, ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனது. மகன் கன்னத்துக்கு வந்தான்.

"நீங்க ரொம்ப அழகுப்பா. உங்ககிட்டதான் யாரும் சொல்லல."

மெக்கானிக்கின் கண்ணிலிருந்து நீர் கல்லின் மேல் வழிந்தது. வழிந்த இடமெல்லாம் தோலானது. பதினாறு வயதில் நின்றுபோன அழுகை சாயங்காலம்வரை ஓடியது. மனைவி துண்டை மாற்றிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்து அவர் சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. இதையா இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று அவள் சண்டைக்குப் போனாள். அவர் மகனின் கையைப் பிடித்து நகங்களைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் ஒடஞ்சிருச்சேடா. என்ன கலர்னு சொல்லு, நானே வாங்கிட்டு வரேன்."

இளகிய முகத்தோடு அவர் வேலைக்குத் திரும்பியபோது பணிமனையில் யாரும் அதிசயப்படவில்லை. கண்டக்டர் தன் தோளைத் தட்டிக் காட்டினார், டிரைவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். இரண்டும் கல்லாகவே ஒலித்தன. இப்போது மதிய இடைவேளையில் ஓய்வறை பெஞ்சில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்காருகிறார்கள். மகனும் நண்பர்களும் க்ரீமோடு வந்து சேரும்வரை ஒருவர் முதுகை மற்றவர் தேய்த்துவிடுகிறார். வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றன.