அகலத் திரையில் மார்லிஸ்

டுவெய்ன் ஹால்வர்சன் ஊரிலேயே முதல் ஆளாக எச்.டி. டிவி வாங்கிய பிறகு, அந்த மினசோட்டாச் சிற்றூரின் பாதி ஆண்கள் அவன் வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு பீரும் கையுமாக வந்து உட்கார்ந்து, மைதானத்தில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிகிறது, ஆட்டக்காரன் மூக்கு நுனியில் வியர்வை தெரிகிறது என்று அளந்து தள்ளினார்கள். டுவெய்னின் மனைவி மார்லிஸுக்கு மட்டும் படம் கஞ்சி போலக் கலங்கலாகத்தான் தெரிந்தது. இத்தனை பேர் பார்ப்பது தனக்குத் தெரியவில்லையென்றால் கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. உள்ளூர் கேபிள் சேனலில் வியாழன்தோறும் மாலை அரைமணி நேரம் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவள் அவள். கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்தி, "போன வாரம் செஞ்சீங்களே, அந்தக் கேக்கு" என்று கேட்பதில்தான் அவள் உயிர் இருந்தது. புது டிவியில் முதல் வியாழன் தன்னைப் பார்த்தபோது அவளுக்குத் திக்கென்றது. முகம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. தோள் இரண்டும் வாசலை அடைத்துக்கொள்ளும் போலிருந்தது.

"பழைய டிவி உன்மேல பரிதாபப்பட்டு மறைச்சுது," என்றான் டுவெய்ன். "இது எச்.டி. உள்ளத உள்ளபடி காட்டும்." ஆறுதல் சொல்வதாகத்தான் அவனுக்கு நினைப்பு.

அன்றிலிருந்து மார்லிஸ் வயிற்றைக் கட்டினாள். வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் தடை. அவன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வழித்துச் சாப்பிட, எதிரே உட்கார்ந்து செலரிக் கீரைத் தண்டைக் கடித்தாள். பனிக்காலம் முழுக்க இந்தப் பாடு. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியதாயிற்று. ஆனால் திரையில் இருந்த மார்லிஸ் மட்டும் மசியவில்லை. கடைசியில் மனம் விட்டுப்போய், இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சேனல் மேலாளர் ஆர்லனிடம் சொன்னாள். யோசித்து வெள்ளிக்கிழமை காலையில் முடிவைச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். யோசிக்க என்ன இருக்கிறது என்று வீடு வந்து அழுதாள்.

வியாழன் மாலை, முன்னமே பதிவு செய்திருந்த கடைசி நிகழ்ச்சி ஓடியது. மாவுக்குள் ஆப்பிள் துண்டுகளை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை. திரையில் மார்லிஸ் அதைச் சுடும் தட்டைத் தூக்கிக் காட்டினாள். இங்கே நாற்காலியில் இருந்த மார்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்டு முட்டை வடிவத்தில் இருந்தது.

அவள் தட்டு அது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கழுவுகிற தட்டு, வட்டமான தட்டு. அடுக்களைக்குப் போய் அதை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். தான் குண்டாகலாம், தகரத் தட்டு எப்படிக் குண்டாகும்?

டுவெய்ன் பிரிக்காமலே போட்டிருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். விஷயம் சுலபமாகத்தான் இருந்தது. எச்.டி. படத்தில் புள்ளிகள் பல மடங்கு அதிகம், வடிவமும் அகலம். பழைய படத்தில் புள்ளிகள் குறைவு, வடிவம் கிட்டத்தட்டச் சதுரம். டிவி மட்டும் எச்.டி.யாக இருந்து பயனில்லை. சேனல் அப்படி அனுப்ப வேண்டும், அதைக் கொண்டுவர எச்.டி. பெட்டியும் அதற்கான வயரும் வேண்டும். இல்லாவிட்டால் டிவி பழைய படத்தையே எடுத்து, மாவை இழுப்பது போல இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பிவிடும். கடைக்காரன் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், 'எனக்கே காது குத்துறியா' என்று டுவெய்ன் மிடுக்காகத் திரும்பி வந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினாள். தட்டு வட்டமானது.

"ஏய், என் டிவிய என்ன பண்ணின? ரெண்டு ஓரமும் கறுப்பாயிடுச்சு," என்றான் டுவெய்ன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இதுவரை ஒரு நாள்கூட அவன் எச்.டி. பார்த்ததில்லை, புல்லும் வியர்வையும் பார்த்தவர்கள் எல்லோரும் பழைய படத்தைத்தான் பார்த்தார்கள் என்றாள். டுவெய்ன் எழுந்து போய் டிவியின் பின்பக்கத்து வயரை எட்டிப் பார்த்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை வர்ற பசங்ககிட்ட சொல்லிடாத," என்றான். கொஞ்சம் தெம்பு வந்ததும், "சரி, பழையபடி முழுசா வை. இவ்வளவு பெரிய திரைய வாங்கிட்டு ஓரத்த சும்மா விடவா?" என்று கை நீட்டினான்.

"முடியாது. நான் வர்ற அரைமணி நேரம் இப்படித்தான் இருக்கும்," என்றாள் மார்லிஸ். சொன்னபோது அவளுக்கே குரல் புதிதாக இருந்தது. நிகழ்ச்சியை விடப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

டுவெய்ன் முணுமுணுத்துக்கொண்டே திரையைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய ஒருத்தி அங்கே மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ மார்லிஸ், நீ எலும்பும் தோலுமா இருக்கியே," என்றான் திரையைப் பார்த்து. நிஜமாகவே பதறிப்போயிருந்தான். "எப்போ இப்படி ஆன?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மார்லிஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இந்தப் பக்கம் திரும்பு, டுவெய்ன்," என்றாள்.