மூன்றாவது தடவை தேய்த்தபோது

அந்த வெளிநாட்டு ஊரில் துணிக்கடைக்காரிக்குத் தெரிந்த ஒரே முகம் அவளுடைய தம்பியின் முகம்தான். அதுவும் இப்போது வலியில் கோணிப்போய் ஸ்ட்ரெச்சரில் கிடந்தது. கடைக்குச் சரக்கெடுக்க வந்த இடம். மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்று அவனை இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். கொண்டுவந்த ரொக்கமெல்லாம் முந்தின நாளே மொத்த வியாபாரியிடம் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு கார்டு.

"குடல்வால் வீங்கியிருக்கு. எப்ப வேணா வெடிக்கலாம்," என்றார் டாக்டர். "முன்பணம் கட்டிட்டு வாங்க, உடனே உள்ள கொண்டு போயிடறோம்."

பணம் வாங்கும் பெண் கார்டை மெஷினில் செருகி, தானே எதையோ அமுக்கிவிட்டு, ரகசிய எண்ணை மட்டும் போடச் சொன்னாள். மெஷின் கீச்சிட்டு மறுத்தது. இன்னொரு முறை செருகினாள். அதே கீச்சு.

ஆஸ்பத்திரி வைஃபையில் இருந்த துணிக்கடைக்காரியின் போனில் பேங்க் ஆப்பின் செய்தி வந்து விழுந்தது. கார்டின் இன்றைய வரம்பைத் தாண்டிய தொகையாம். அவளுக்குப் புரியவில்லை. கிளம்பும் முன் கணக்குப் போட்டு, கொஞ்சம் தாராளமாகவே வைத்த வரம்பு அது. இந்த ஊர்க் காசை நம்ம காசாக மாற்றிப் பார்த்தாலும் முன்பணம் அதற்குள் அடங்கவேண்டும். வரம்பைக் கூட்டலாம் என்றால் அதற்கான ஓடிபி எண் நம்ம ஊர் சிம்முக்குத்தான் வரும். ரோமிங் போட்டால் காசைப் பிடுங்குவான் என்று அதைப் போடாமல் வந்திருந்தாள்.

"இன்னொரு தடவை தப்பாப் போனா கார்டு முடங்கிடலாம்," என்றாள் அந்தப் பெண். "எதிர்ல ஏடிஎம் இருக்கு. எடுத்துட்டு வந்துடுங்களேன்."

"அக்கா, வலி தாங்கலை," என்றான் தம்பி.

"வந்துடறேன்டா. கண்ணை மூடிக்க."

தெருவைத் தாண்டி ஓடினாள். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு வேண்டிய தொகையை அமுக்கியதும், உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா என்று திரை கேட்டது. கீழே தொகையும் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று லாட்ஜுக்குக் கார்டில் கட்டியபோது பேங்க் பிடித்த விலையைவிட இது எவ்வளவோ கூட. வசதி பண்ணித் தருகிறேன் என்று சொல்லி நடுவில் ஒருத்தன் வாரிக்கொள்கிற விலை.

"புரியலையா? நான் அமுக்கித் தரேன்," என்று பின்னாலிருந்து ஒருவன் கையை நீட்டினான்.

"தள்ளி நில்லுங்க," என்று சொல்லி, அவன் முன்னால் பணம் எடுக்க மனசில்லாமல் ரத்து என்பதை அமுக்கிக் கார்டை உருவிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெண் அமுக்கியது இதைத்தானே? அந்த விலையில் மாற்றியதால்தானே வரம்பு தாண்டியது? அப்படித்தான் இருக்கவேண்டும். இல்லையென்றால் கார்டும் போச்சு, தம்பியும் போச்சு.

திரும்பி ஓடிவந்து கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"இந்த ஊர்க் காசுலயே போடுங்க. எங்க காசுக்கு மாத்தாதீங்க."

"எதுல போட்டாலும் ஒண்ணுதாங்க. எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"ஒண்ணு இல்லைம்மா. மெஷினை இப்படிக் குடுங்க, நானே அமுக்கறேன்."

அந்தப் பெண் தயங்கினாள். உள்ளே தம்பி முனகும் சத்தம் கேட்டது. அவள் மெஷினைத் திருப்பி வைத்தாள்.

துணிக்கடைக்காரியின் விரல் வியர்வையில் வழுக்கியது. திரையில் தெரிந்த இரண்டு நாட்டுக் கொடிகளில் இந்த ஊர்க் கொடியைப் பார்த்து அமுக்கினாள். ரகசிய எண்ணைப் போட்டாள். மெஷின் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது.

சீட்டு மெல்ல வெளியே வந்தது.

அந்தப் பெண் சீட்டைக் கிழித்துக்கொண்டு தானே எழுந்து உள்ளே ஓடினாள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "வெடிக்கறதுக்குள்ள எடுத்துட்டோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும்." அவள் சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மயக்கம் தெளிந்ததும் தம்பி கண்ணைத் திறந்தான். நாக்கு இன்னும் குழறியது.

"எவ்வளவுக்கா ஆச்சு?"

"வாயை மூடிட்டுத் தூங்குடா," என்று சொல்லி, போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.